எட்டு உளிப் பெட்டியா, மூன்று உளியா, காபைட்டா?

அக்கா மகன் நோர்வூட்டிலிருந்து ஹட்டன் பஸ்ஸில் வந்து இறங்கியபோது கையில் பிள்ளையைத் தூக்குவதுபோல ஒரு நீளமான மரப்பெட்டி. வீட்டுக்குள் வந்ததும் மேசையில் வைத்துத் திறந்தான். "மாமா, எட்டு உளி. ஒரு உளி வாங்கிற காசுக்கு எட்டும் வந்திடுச்சி." சிவப்பு வெல்வெட் துணியில் வரிசையாகப் படுத்திருந்தன. பிடிகள் எல்லாம் ஒரே அச்சு, ஒரே வார்னிஷ். நான் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. வாங்கிவிட்டு வந்தவனிடம் என்னத்தைச் சொல்வது?

ஒன்றரை வருடம் கழித்து, போன மாதம் அவன் லேத் (மரத்தைச் சுற்ற வைத்துக் கடைகிற இயந்திரம்) போட்டிருக்கும் கொட்டிலுக்குப் போனேன். எட்டில் ஐந்து உளியின் பிடி இன்னும் கண்ணாடிபோல மின்னுகிறது, கையே படவில்லை. மிச்சம் மூன்றும் பாதி நீளத்துக்குத் தேய்ந்திருந்தன. அவற்றின் வெட்டும் வாய்ப்பக்கம் மயில் கழுத்துபோல நீலம் பாய்ந்திருந்தது. அந்த நீலத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். எட்டு வாங்கியவன் மூன்றைத்தான் பாவித்திருக்கிறான், அந்த மூன்றையும் சாணையில் கெடுத்திருக்கிறான் என்பதை இப்போதைக்கு மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

லேத் ஒன்று கைக்கு வந்த பிறகு, அது பழையதோ சின்னதோ, அடுத்த கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான்: குறைந்த செலவில் எந்த உளி? எனக்குத் தெரிந்து நம் பக்கத்தில் நான்கு வழி இருக்கிறது. கார்பன் எஃகில் வரும் மலிவுப் பெட்டி ஒன்று. சூட்டைத் தாங்கும் ஹைஸ்பீட் ஸ்டீல் என்ற கலப்பு எஃகு உளிகளைச் செட்டாகவோ தனித்தனியாகவோ வாங்குவது இரண்டாவது. நுனியில், எஃகைவிடக் கடினமான காபைட்டில் செய்த சின்னத் தகடு திருகிய உளி மூன்றாவது. நம்மூர்க் கொல்லரிடம் அடித்து வாங்குவது நான்காவது. விலையை ரூபாயில் எழுதப் போவதில்லை. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து இரண்டே மாதத்தில் 350ஐத் தாண்டியதைப் பார்த்தவர்கள் நாம்; இன்றைக்கு எழுதும் விலை நாளைக்குப் பொய்யாகிவிடும். மலிவுப் பெட்டியை ஒரு பங்கு என்று வைத்தால், சீனத்து ஹைஸ்பீட் செட் ஏறத்தாழ இரண்டு மூன்று பங்கு. மூன்று உளி கொண்ட காபைட் செட்டும் அதே அளவில்தான் நிற்கும். இங்கிலாந்தின் ஷெபீல்டில் செய்த பெயர் பெற்ற உளி என்றால் ஒரேயொரு உளிக்கே அந்த முழுப் பெட்டியின் விலை போய்விடும், சில வேளை அதற்கு மேலும் போகும்.

ஆனால் உளியின் விலையை மட்டும் பார்ப்பது தேயிலைச் செடியின் விலையைப் பார்த்துவிட்டு உரத்தை மறந்த கதை. சாணையும் உளிச் செலவில் சேர்ந்ததுதான். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக்குப் போகிறவர் மொட்டைக் கத்தியோடு மலை ஏறுவாரா? காலையில் கல்லில் தீட்டி, இடையில் உட்கார்ந்து இன்னொரு தடவை தீட்டி, பெருவிரல் நகத்தில் வைத்துப் பார்த்துத்தான் அடுத்த செடிக்குப் போவார். மொட்டைக் கத்தி கிளையை வெட்டாது, பிளந்து வைக்கும். லேத்திலும் அதேதான். என்ன வித்தியாசமென்றால், கெட்டியான மரத்தில் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை சாணைக்குப் போக வேண்டும். நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுச் சுற்றுகிற மரம் அது. உளியின் வாய் ஒரு நாளில் உரசுகிற தூரத்தைக் கணக்குப் பார்த்தால் ஹட்டனிலிருந்து கண்டிக்குப் போய்வரலாம்.

இப்போது அந்த நீலம். மலிவுப் பெட்டியில் இருப்பது சாதாரண கார்பன் எஃகு. கூர் பிடித்த நிமிடத்தில் அது யாருக்கும் சளைத்ததில்லை. ஹைஸ்பீட் ஸ்டீலைவிட மெல்லிய வாய்கூட அதற்கு வரும். சிக்கல் சூட்டில். சாதாரண கிரைண்டரில் சாம்பல் நிறக் கல்லை மாட்டி, அழுத்திப் பிடித்து ஐந்து எண்ணுவதற்குள் நுனி முதலில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, பிறகு நீலம் என்று ஓடும். நீலம் வந்துவிட்டால் எஃகு 300 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாகிவிட்டது, கடினம் போய்விட்டது என்று பொருள். மெல்லிய மூலை ஒன்றில் அது நடக்கக் கண் சிமிட்டும் நேரம் போதும். அந்த நீலப் பகுதி முழுவதையும் தேய்த்து எடுத்தால்தான் மறுபடி நல்ல இரும்பு வரும். அக்கா மகனின் உளிகள் பாதி நீளமானது இப்படித்தான். மரத்தில் தேய்ந்ததைவிடச் சாணையில் கரைந்ததுதான் அதிகம். கார்பன் உளி வைத்திருப்பவர் பக்கத்தில் ஒரு டப்பாவில் தண்ணீர் வைத்துக்கொண்டு, விரல் சுடுவதற்கு முன்பே முக்கி முக்கி எடுக்க வேண்டும். ஹைஸ்பீட் ஸ்டீல் அப்படியில்லை. 500 பாகை தாண்டியும் அதன் கடினம் நிற்கும். நீலமானாலும் பயமில்லை. அதைக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரில் முக்கத்தான் கூடாது, கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும்.

புதிதாகப் பழகுகிறவர் சாணையில் பிழை விடாமல் இருக்க மாட்டார். அதனால்தான் முதல் உளியே ஹைஸ்பீட் ஸ்டீலாக இருக்கட்டும் என்கிறேன். கை தேர்ந்தவருக்குக் கார்பன் போதும். பழகுகிறவருக்குத்தான் பிழை பொறுக்கிற எஃகு வேண்டும். கடைகளில் இது தலைகீழாக நடக்கிறது. புதியவர் என்றதும் மலிவுப் பெட்டியை எடுத்து நீட்டுவார்கள்.

பெட்டியில் எச்.எஸ்.எஸ், அதாவது ஹைஸ்பீட் ஸ்டீல், என்று அச்சடித்திருந்தால் நம்பிவிடலாமா? கிரைண்டர் ஓடுகிற இடத்தில் ஒரு நொடி வேலை. பிடிக்குள் போகும் வால் பக்கத்தில் லேசாகக் கல்லில் தொட்டுப் பாருங்கள். கார்பன் எஃகு என்றால் பொறி வெள்ளையும் மஞ்சளுமாகப் பறந்து, நுனியில் பூவாணம்போலக் கிளை கிளையாக வெடிக்கும். ஹைஸ்பீட் ஸ்டீலின் பொறி மங்கின செம்மஞ்சள், குட்டையாக, வெடிக்காமல் விழுந்துவிடும். தீபாவளி மத்தாப்புக்கும் ஊதுபத்தி நெருப்புக்கும் உள்ள வித்தியாசம். ஒன்லைனில் வாங்குகிறவருக்கு இந்த வசதி இல்லை. அவர் பொருள் வந்த அன்றே பார்த்து, பொய்யென்றால் திருப்பி அனுப்பலாம். க்ரோம் வனேடியம் என்று எழுதியிருந்தால் அது ஹைஸ்பீட் ஸ்டீல் அல்ல.

ஒன்லைனில் இன்னொரு பொறியும் இருக்கிறது. பன்னிரண்டு உளி, நம்ப முடியாத விலை, அழகான படம். அளவைப் படித்தால் மொத்த நீளமே 8 அங்குலம். அது சிற்பம் செதுக்கும் உளி. லேத்தில் வைக்கவே கூடாது. மரம் உளியைக் கவ்வி இழுக்கும்போது அதை அடக்கிப் பிடிப்பது நீண்ட பிடிதான். சின்ன வேலைக்கே பிடியோடு சேர்த்து 16 அங்குலமாவது இருக்க வேண்டும், கிண்ணத்துக்கு அதைவிட நீளம்.

எத்தனை உளி, எவை? நீங்கள் என்ன கடையப் போகிறீர்கள் என்பதை வைத்துத்தான் இதைச் சொல்லலாம். கதிரைக்கால், கட்டில் கால், ரொட்டிக்கட்டை, கத்திப்பிடி, பம்பரம் என்று நீட்டுவாக்கில் நார் ஓடும் சாமான்களென்றால் 3/4 அங்குல முரட்டுக் குழியுளி (சதுரக் கட்டையை உருட்ட), 3/8 அங்குலச் சின்னக் குழியுளி (வளைவும் பள்ளமும் எடுக்க), 1/8 அங்குலப் பிரிப்பு உளி (அறுத்துப் பிரிக்க). இந்த மூன்றில் பம்பரம் முதல் பங்களாக் கட்டில் கால் வரைக்கும் போகலாம். சாய்வாய் உளி, அதாவது ஸ்கியூ, நான்காவதாக வரட்டும். வழவழப்பில் அதை அடிக்க வேறு உளி இல்லை, ஆனால் புதியவரின் கையில் அது கோபக்கார மாடு மாதிரி. எப்போது முட்டும் என்று தெரியாது.

கிண்ணம், தட்டு என்று குறுக்கு நாரில் வேலையென்றால் முரட்டுக் குழியுளியை மறந்துவிடுங்கள். அதற்கு 3/8 அங்குலக் கிண்ணக் குழியுளி, 1 அங்குல வட்டவாய்ச் சுரண்டி, அதே பிரிப்பு உளி. அளவில் ஒரு குழப்பம் வரும். இங்கிலாந்துக்காரர் 3/8 என்று சொல்கிற கிண்ண உளியை அமெரிக்கர் 1/2 என்பார்கள். அமெரிக்கர் தண்டின் முழுத் தடிப்பை அளக்கிறார்கள், இங்கிலாந்துக்காரர் குழியை வைத்துச் சொல்கிறார்கள். இரண்டும் ஒரே உளிதான். விலையை ஒப்பிடும்போது இதைத் தெரிந்து வைத்திருக்காவிட்டால் ஏமாறுவீர்கள்.

முரட்டுக் குழியுளியைக் கிண்ணத்தில் வைக்க வேண்டாம் என்பது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. என் பட்டறையின் தகரக் கூரையில் இன்றைக்கும் ஒரு பள்ளம் இருக்கிறது. வெட்டி இரண்டு நாளான பட்டர் புரூட் மரம், 8 அங்குலக் கட்டை. கிண்ண உளி வாங்கக் காசில்லாத காலம். முரட்டு உளி பெரிதாகத்தானே இருக்கிறது, இன்னும் நன்றாக வெட்டும் என்று நினைத்தேன். அந்த உளி வாய்ப்பக்கம் அகலம், ஆனால் பிடிக்குள் நுழைகிற வால் மெலிந்த தகடு. கட்டையின் குறுக்கு நார் ஒரு கவ்வு கவ்வியது. வால் முறிந்து, தலை என் காதுப் பக்கமாகப் போய்க் கூரையில் அடித்து விழுந்தது. கையில் வெறும் பிடி. லேத் தன் பாட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தவே எனக்கு நேரம் எடுத்தது. கிண்ண உளி அப்படி முறியாது. உருண்டைக் கம்பியில் குழி வெட்டிச் செய்தது அது, வால் வரைக்கும் முழுத் தடிப்பு. ஒரே ஒரு உளிக்குத்தான் காசு இருக்கிறதென்றால் கிண்ண உளியை வாங்குங்கள். கட்டில் காலையும் அது உருட்டும். முரட்டு உளியால் மறுபக்கம் போக முடியாது.

இனி காபைட். இதைப் பற்றி நம் பையன்களுக்குள் பெரிய சண்டையே நடக்கிறது. ஒருவர் இது ஏமாற்று வேலை என்பார், இன்னொருவர் இனிக் குழியுளியே தேவையில்லை என்பார். இரண்டு பேருமே பாதி சரி.

சதுரக் கம்பி ஒன்றின் நுனியில் நகம் அளவு தகடு. சதுரம், வட்டம், வைரம் என்று மூன்று வடிவம். ஒரு திருகாணி அதைப் பிடித்திருக்கும். மழுங்கினால் திருகாணியைத் தளர்த்தி, தகட்டைத் திருப்பிவிட்டால் புது வாய். சதுரத் தகட்டில் நான்கு வாய், வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே போகலாம். கிரைண்டரே வேண்டாம். பிடிக்கிற விதமும் எளிது. லேத்தின் உளித் தாங்கியில் தட்டையாக வைத்து, மரத்தின் நடு உயரத்துக்கு நேராக, தரைக்குச் சமாந்தரமாகத் தள்ளினால் போதும். லேத்தையே பார்த்திராத ஒருவரை நிறுத்தி வைத்தால் பின்னேரத்துக்குள் ஒரு கிண்ணத்தோடு வீட்டுக்குப் போவார். குழியுளியில் அதே கிண்ணத்துக்கு இரண்டு மாதம் எடுக்கும், அதற்குள் நாலைந்து கட்டை லேத்திலிருந்து பறக்கும்.

அப்படியானால் ஏன் எல்லோரும் அதையே வாங்கவில்லை? காபைட் வெட்டுவதில்லை, சுரண்டுகிறது. நம் பக்கத்தில் சும்மா கிடைக்கிற மரம் எது? தேயிலை மலையில் நிழலுக்கு நிற்கிற சவுக்கு, துரைமார் கிரெவிலியா என்று சொல்கிற அதே மரம். குறுக்காக அறுத்தால் மீன் செதில்போல மினுமினுக்கும், பார்க்க அத்தனை அழகு. ஆனால் அதில் ஒரு கிண்ணத்தைக் காபைட்டால் கடைந்துவிட்டு விரலை உள்ளே ஓட்டிப் பாருங்கள். சுற்றில் இரண்டு இடம் மட்டும் பூனையின் நாக்கு மாதிரிச் சொரசொரக்கும். கிண்ணத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் நார் நுனி இரண்டு முறை உளிக்கு எதிரே வரும், சுரண்டி அதைப் பிய்த்துவிட்டுப் போகிறது. கூர் பிடித்த குழியுளியின் சாய்முகம், அதாவது வாய்க்குப் பின்னால் சாய்வாகத் தீட்டிய பக்கம், மரத்தில் உரசிக்கொண்டே போவதால் நார் பிய்யாமல் அறுபடும். சீவல் நூடில்ஸ் மாதிரி நீளமாகத் தோளுக்கு மேலே போகும். சத்தமும் வேறு. காபைட் கரகரவென்று இரையும், குழியுளி பட்டுத்துணி கிழிவதுபோலச் சர்ரென்று போகும்.

பிய்ந்த நாரை எடுக்க மண்தாள் வேண்டும். குழியுளிக்குப் பிறகு 150 நம்பர் தாளில் தொடங்கலாம் என்றால், காபைட்டுக்குப் பிறகு முரட்டான 80இல் தொடங்கி நான்கைந்து தாள் மாற்ற வேண்டும். தாளும் காசுதானே. கூடவே தூசி. சவுக்குத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் கொப்புளத்தையும் கொண்டுவரும். என் கூட வேலை செய்த ஒருவருக்கு முழங்கை வரைக்கும் தடித்துப்போனது. சுரண்டினால் வருவது சீவல் அல்ல, தூள். சாணைக்குப் போகாமல் மிச்சம் பிடித்ததை மண்தாளிலும் முகமூடியிலும் கொடுத்துவிடுகிறோம்.

இன்னொன்று, தகடு தீர்ந்தால்? ஹட்டனிலோ தலவாக்கலையிலோ ஹாட்வெயார் கடையில் கேட்டால் கிடைக்காது. ஓடர் போட்டுக் காத்திருக்க வேண்டும். கொழும்பில் இரும்பு கடைகிற லேத்துக்கான காபைட் தகடு கிடைக்கும், ஆனால் பெரும்பாலும் அதன் வாயை வேண்டுமென்றே லேசாக மழுக்கியிருப்பார்கள், இரும்புக்கு அதுதான் சரி. மரத்தில் வைத்தால் அமுக்கித் தேய்க்கும். அப்புறம், காபைட் கீழே விழுந்தால் ஓரம் சிதறும். கொட்டிலில் சீமெந்துத் தரையென்றால் கவனம்.

இவ்வளவு சொல்லியும் நான் ஒரு வட்டக் காபைட் உளி வைத்திருக்கிறேன். தேயிலை வேருக்கு. பழைய தேயிலையைப் பிடுங்கிப் புதிதாக நடும்போது குவித்துப் போடுகிற கட்டைகள் இருக்கின்றனவே, விறகாகப் போகிறவை, அவற்றைக் கடைந்தால் வருகிற நிறமும் முறுக்கும் வேறெந்த மரத்திலும் வராது. ஆனால் வேரின் இடுக்கில் மண், சிறுகல், சில வேளை முள்ளுக்கம்பித் துண்டு. இரும்புப் பிரஷ்ஷால் எவ்வளவு தேய்த்தாலும் உள்ளே ஒரு கல் ஒளிந்திருக்கும். ஹைஸ்பீட் உளி அதில் ஒரு தடவை பட்டால் சாணைக்குத்தான் போக வேண்டும். காபைட்டில் ஓரம் சிதறினாலும் தகட்டைத் திருப்பிவிட்டால் போதும். அதற்காக ஒரு செட் வாங்கத் தேவையில்லை. தகட்டையும் திருகாணியையும் மட்டும் வாங்கினேன். அரை அங்குலச் சதுர இரும்புக் கம்பி ஒன்றைப் பட்டறையில் கொடுத்து, நுனியில் தகடு உட்கார மட்டமாகப் படி வெட்டி, துளை போட்டு மரை எடுத்துத் தரச் சொன்னேன். பிடியை நானே கடைந்தேன். செட்டின் விலையில் கால்வாசிகூட ஆகவில்லை. தகடு உட்காருகிற இடம் மட்டம் இல்லாவிட்டால் தகடு வெடிக்கும். அதைமட்டும் பட்டறைக்காரரிடம் இரண்டு தடவை சொல்லுங்கள்.

கொல்லர் வழியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். லொறியின் ஸ்பிரிங் பட்டையில் கத்தி அடிக்கிறவர் உங்கள் பக்கத்தில் இருந்தால், அவரிடம் அதே பட்டையில் 1 அங்குல வட்டவாய்ச் சுரண்டி ஒன்று அடித்துக் கேளுங்கள். நல்ல தடிப்பு, நல்ல கனம், அதிராது. சாய்வாய் உளியும் அவரால் முடியும். குழியுளிதான் கஷ்டம், உட்புறக் குழி ஒரே சீராக வராவிட்டால் வாய் எப்படித் தீட்டினாலும் கோணும். ஸ்பிரிங் பட்டையும் ஹைஸ்பீட் ஸ்டீல் அல்ல என்பதால் தண்ணீர் டப்பா பக்கத்தில் இருக்கட்டும். பிரிப்பு உளிக்குப் பவர் ஹெக்ஸோவின் (மோட்டரில் ஓடும் இரும்பு வாளின்) பழைய பிளேட் துண்டு அருமை, பட்டறைகளில் முறிந்தது கிடக்கும்.

பழைய அரத்தை மட்டும் உளியாக்க வேண்டாம். "அரத்த விட நல்ல இரும்பு எங்கப்பா இருக்கு" என்று சொல்கிற பெரியவர் ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் இருப்பார். இரும்பு நல்லதுதான், அது கண்ணாடி மாதிரிக் கடினம். கல்லில் விழுந்தாலே முறியும். சுற்றுகிற மரம் கவ்வி இழுத்தால் உங்கள் முகத்துக்கு முன்னால் முறியும்.

தோட்டத்துத் தச்சுக் கொட்டில்களிலிருந்தும் கொழும்பு பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளிலிருந்தும் ஷெபீல்ட் முத்திரை குத்திய பழைய கடைசல் உளி சில வேளை கைக்கு வரும். கார்பன் எஃகுதான் பெரும்பாலும், ஆனால் நல்ல எஃகு. வாங்குமுன் உளியின் உள் குழியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெளிப்பக்கத் துருவைச் சாணை தின்றுவிடும். உட்குழியில் துரு அரித்த புள்ளி இருந்தால் வாய் எப்போதும் பல்லுப்பல்லாகத்தான் வரும். நம் மழைக்கும் மூடுபனிக்கும் புது உளியே ஒரு வாரத்தில் செம்மண் நிறமாகும். ஜப்பான்காரர்கள் உளிக்குக் கமேலியா விதை எண்ணெய் பூசுவார்கள். கமேலியா என்றால் நம் தேயிலையின் ஒன்றுவிட்ட சகோதரி. மலை முழுக்க அந்தக் குடும்பத்தை வைத்துக்கொண்டு நான் பூசுவது தையல் மெசின் எண்ணெய்தான். அதுவும் வேலை செய்கிறது.

சாணைக்கு வருவோம், பாதிக் காசு இங்கேதான் போக வேண்டும். 6 அங்குல கிரைண்டர் போதும். நம் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் சாதாரணமாக நிமிடத்துக்கு 2,850 சுற்று அளவில் ஓடும். கூட வருகிற சாம்பல் கல்லில் ஒன்றைக் கழற்றிவிட்டு 80 நம்பர் வெள்ளைக் கல் போடுங்கள், சூடு குறையும். அதோடு வருகிற தகரத் தாங்கியை நம்ப வேண்டாம். மரத்துண்டில் கோணம் அளந்து ஒரு தாங்கி செய்துகொள்ளுங்கள். முரட்டு உளிக்கு 45 பாகை, சின்னக் குழியுளிக்கு 40, கிண்ண உளிக்கு 55, சுரண்டிக்கு 75 என்று தொடங்கினால் பிழைக்காது. சாய்முகம் முழுவதிலும் மார்க்கர் பேனாவால் கறுப்பைப் பூசி, கல்லைக் கையால் சுற்றிப் பாருங்கள். மை எங்கே அழிகிறதோ அங்கேதான் கல் படுகிறது. மேலே மட்டும் அழிந்தால் தாங்கி பிழை, கீழே மட்டும் அழிந்தாலும் பிழை. முழுவதும் ஒரே சீராக அழிகிறபோது மோட்டரைப் போடுங்கள். இந்த மை வித்தையை யாராவது முதல் நாளே எனக்குச் சொல்லியிருந்தால் ஒரு உளியின் நீளம் மிஞ்சியிருக்கும்.

கிரைண்டருக்கும் காசில்லையென்றால் லேத்தே கிரைண்டர். பலகையில் 8 அங்குல வட்டத் தட்டு ஒன்று வெட்டி, முகத்தில் மண்தாள் ஒட்டி, பேஸ்பிளேட்டில் (லேத்தில் கட்டையைத் திருகிப் பிடிக்கும் இரும்புத் தட்டில்) மாட்டி, குறைந்த வேகத்தில் ஓட விடுங்கள். வாய் தாளைக் கிழிக்காத பக்கத்தில் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் கட்டையைக் கழற்றி மாட்டுகிற தொல்லை பெரிது. நான் ஒரு வருடம் இப்படி ஓட்டினேன். எதில் தீட்டினாலும் கீழே கிடக்கிற சீவலைக் கூட்டிவிட்டுத் தீட்டுங்கள். பொறி போய்த் தூளுக்குள் உட்கார்ந்தால் நீங்கள் சாப்பிடப் போன நேரத்தில் புகையும்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும், பேனாவும் சின்னப் பெட்டியும் கடைந்தால் போதும், சாணை பழகப் பொறுமை இல்லை என்கிறவர் காபைட்டை வாங்கட்டும், வெட்கப்பட ஒன்றுமில்லை. கதிரைக்கால் கடைந்து நாலு காசு பார்க்க நினைக்கிறவருக்குக் காபைட் சரிப்படாது, அவருக்கு வேகமும் வழவழப்பும் வேண்டும். ஹைஸ்பீட் ஸ்டீலில் மூன்று உளி, ஒரு கிரைண்டர், ஒரு வெள்ளைக் கல். செட்டாக ஆறு உளி வாங்குவதைவிடத் தனித்தனியாக மூன்று வாங்குவது நல்லது. முடிந்தால் பிடி இல்லாமல் வெறும் தண்டாக வாங்குங்கள், விலை குறையும். கொய்யா மரத்திலோ கோப்பி மரத்திலோ பிடி கடையலாம். பழைய செப்புக் குழாயில் ஒரு துண்டு அறுத்தால் பூண் ஆச்சு. மலிவுப் பெட்டியை யாருக்குச் சொல்வேன் என்றால், ஏற்கெனவே கவ்வாத்துக் கத்தியோ தச்சு உளியோ தீட்டித் தேர்ந்த கை உள்ளவருக்கு மட்டும். தச்சு பாஸ் ஒருவர் கையில் அந்தப் பெட்டி இன்னொரு பத்து வருடம் ஓடும்.

எந்த வழியில் போனாலும் முகம் முழுவதையும் மறைக்கும் கண்ணாடிக் கவசத்துக்கு முதலில் காசை ஒதுக்குங்கள். குளிருக்குப் போட்ட ஸ்வெட்டரின் தொங்கும் கை, கழுத்தில் சுற்றிய மப்ளர், சாரம், கையுறை, இவையெல்லாம் லேத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். நுவரெலியாப் பக்கத்துக் குளிரில் இதைச் சொல்வது எளிது, கேட்பது கஷ்டம். நான் கையை முழங்கை வரை மடித்துவிட்டு நடுங்கிக்கொண்டுதான் வேலை செய்கிறேன்.

அக்கா மகன் இப்போது பிடியில்லாத கிண்ண உளி ஒன்று எடுத்திருக்கிறான். போன ஞாயிறு என் பட்டறைக்கு வந்து, மின்னுகிற அந்த ஐந்தில் ஒன்றைக் கல்லில் தொட்டுப் பார்த்தான். பொறி மத்தாப்பு மாதிரிப் பூத்து வெடித்தது. "தெரியும் மாமா" என்று சிரித்துவிட்டு, அதையே வட்டவாய்ச் சுரண்டியாகத் தேய்க்க ஆரம்பித்தான், பக்கத்தில் தண்ணீர் டப்பா வைத்துக்கொண்டு. சிவப்பு வெல்வெட் போட்ட பெட்டியை அக்கா எடுத்துக்கொண்டாள். சாமிப் படத்துக்குக் கீழே இருக்கிறது, கற்பூரமும் ஊதுபத்தியும் வைக்க.